டர்போ போச்சு: கிட்டா, கோரா, புதுசா?

குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும்தான் முதலில் தெரிந்தது. இரண்டாவது கியரில் மிதித்தால் முதுகை சீட்டோடு ஒட்டித் தள்ளும் வண்டி, அன்றைக்குச் சும்மா இரைந்துகொண்டு ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. 2012 மாடல் டிசையர் டீசல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, என்னிடம் வருவதற்கு முன் இரண்டு கை மாறியது. கோவை திரும்பியதும் காட்டிய பட்டறையில் பானட்டைத் திறந்து அரை நிமிடம் பார்த்துவிட்டு, “டர்போ போச்சுங்க, புதுசு போட்டுக்கலாம்” என்றார்கள். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. விலையைக் கேட்டதும்தான், இதை வீட்டிலேயே பிரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

அதன் பிறகு மூன்று வாரம் இதே வேலை. கிட் (டர்போவுக்குள் தேயும் பாகங்களின் மாற்றுப் பொட்டலம்) விற்கும் கடை, லேத் பட்டறை, லாரிகளுக்கு டர்போ பார்க்கும் கடை, பழைய சாமான் சந்தை என்று எல்லா இடமும் போனேன். டர்போ பட்டறை ஒன்றில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் என் டர்போவைக் கையில் வாங்கி, நட்டை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டர்போ தானாச் சாகாதுங்க தம்பி. யாராச்சும் கொன்னிருப்பாங்க. அது யாருன்னு மொதல்ல பாருங்க.” அப்புறம் படித்ததும் செய்ததும் எல்லாம் அந்த ஒரு வரிக்குப் பொழிப்புரைதான்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். டர்போவை வீட்டில் கழற்றலாம், பிரிக்கலாம், கழுவலாம், மாட்டலாம். உள்ளே சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் புஷ் முதலியவற்றைக் கிட் வாங்கிப் புதுப்பிப்பது மட்டும், சின்ன டீசல் காருக்கு, வீட்டு மேசையில் செய்யும் வேலை இல்லை. காரணம் கைத்திறமை அல்ல. அந்த வேலையை முடிப்பதற்கு வேண்டிய ஒரு மிஷின் எந்த வீட்டிலும் இருக்காது. ஆனால் இந்த முடிவு எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

முதலில், போனது டர்போதானா?

பிக்கப் இல்லை, புகை வருகிறது என்றால் எல்லாருடைய விரலும் டர்போ பக்கம்தான் நீளும். பல நேரம் அது நிரபராதி. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் இருந்தாலே போதும். காற்று அங்கேயே வெளியேறி, மிதிக்கும்போது ‘உஸ்’ என்று சத்தம் கேட்கும், கறுப்புப் புகை வரும், இழுவை போய்விடும். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வில் கரி பிடித்திருந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன டியூப் கழன்றிருந்தாலும் அப்படித்தான். இவை எல்லாம் நூறுகளில் முடிகிற வேலைகள்.

நீலப் புகைக்கும் இன்னொரு விளக்கம் உண்டு. இன்ஜினின் உள்ளே சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டு, அடிப்பகுதியான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலும், டர்போவிலிருந்து ஆயில் கீழே வடியும் குழாய் பாதி அடைபட்டாலும், நல்ல டர்போவே ஆயிலைக் கக்கும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இது தெரியாமல் டர்போவை மாற்றியவர்களின் வண்டி, புது டர்போவோடு அதே புகையை விட்டுக்கொண்டு அதே பட்டறைக்குத் திரும்பி வந்து நிற்கும்.

சோதித்துப் பார்க்கக் காசு தேவையில்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றினால் கம்ப்ரசர் ஃபேனும் அதன் நடுவில் நட்டும் தெரியும். நட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஆயில் நிற்பதற்கென்றே விட்ட இடைவெளி அது. ஆனால் ஆட்டும்போது ஃபேனின் இறக்கை சுவரைத் தொடக் கூடாது. அடுத்து நட்டை முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். இந்தத் திசையில் விரலுக்குத் தெரிகிற ஆட்டமே இருக்கக் கூடாது. டயல் கேஜ் வைத்து அளந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் தகடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இறக்கை நுனிகளில் பல் விழுந்திருந்தால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே போயிருக்கிறது. குழாயின் உள்ளே லேசாக ஆயில் பூசினாற்போல் இருந்தால் அது பிரீதரின் வேலை, அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

என்னுடையதில் நட்டை இழுத்ததும் ‘டிக்’ என்று சத்தமே கேட்டது. சுவரில் ஒரு பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளவென்று உரசல். பட்டறைக்காரர் அரை நிமிடத்தில் சொன்னது சரிதான். காரணத்தைத்தான் அவர் தேடவில்லை.

உள்ளே நடப்பது

மெக்கானிக்குகள் இரண்டு வீலையுமே ஃபேன் என்றுதான் சொல்வார்கள். ஒரு பக்கம் புகையில் சுற்றும் டர்பைன் ஃபேன். நிக்கல் கலந்த, சூட்டைத் தாங்கும் உலோகத்தில் வார்த்து எஃகு ஷாஃப்டோடு வெல்டிங்கில் ஒன்றாகச் சேர்த்தது. மறுபக்கம் காற்றை அழுத்தும் அலுமினியக் கம்ப்ரசர் ஃபேன். இது ஷாஃப்டில் நட்டு போட்டு இறுக்கியது. நடுவே இரண்டு வெண்கலப் புஷ்ஷும் ஒரு த்ரஸ்ட் தகடும். புஷ் ஷாஃப்டைக் கவ்விப் பிடிப்பதில்லை. உள்ளேயும் வெளியேயும் ஆயில் படலத்தில் மிதந்துகொண்டு, ஷாஃப்டைவிட மெதுவாகத் தானும் சுற்றும். உலோகம் உலோகத்தைத் தொடாத வரைக்கும் இதற்குத் தேய்மானமே இல்லை என்று சொல்லலாம். ஆயில் ஒரு சில நொடி வராவிட்டால் கதை முடிந்தது.

இரண்டு முனையிலும் ஆயிலைத் தடுப்பது ரப்பர் சீல் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அங்கே இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையம், அவ்வளவுதான். ஆயிலை உண்மையில் தடுத்து நிறுத்துவது வெளிப்பக்கத்தில் இருக்கும் காற்று, புகையின் அழுத்தமும், கீழே ஆயில் தன் எடையில் தடையில்லாமல் வடிந்துபோவதும். வடிகுழாய் அடைத்தால் ஆயில் உள்ளே தேங்கி ரிங்கைத் தாண்டும். எந்த விலை கிட் வாங்கிப் போட்டாலும் அதைத் தடுக்காது.

இப்போது வேகம். இந்த அளவு கார்களின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். நொடிக்கு 3,300 சுற்று. 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஃபேன் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 366 மீட்டர் போகிறது. ஒலியின் வேகமே சாதாரண வெப்பத்தில் 343தான். இதே வேகத்தில், மையத்திலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு எடை ஒரு பக்கம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த சூத்திரத்தைப் போட்டால் அந்தத் துணுக்கு ஷாஃப்டை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை 65 நியூட்டனுக்கு மேல் வரும். ஏறக்குறைய ஏழு கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டாற்போல, நொடிக்கு 3,300 தடவை திசை மாறி மாறி. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில்தான் கிட் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

கிட் வாங்கி வீட்டில் பிரிப்பது

கிட் என்பது தேய்வதற்கென்றே வைத்த சாமான்களின் பொட்டலம்: இரண்டு புஷ், த்ரஸ்ட் தகடு, அதன் காலர், இரண்டு ரிங், சர்க்ளிப்புகள், ஓ-ரிங், கேஸ்கட். நான் விசாரித்த கடைகளில் 1,500 முதல் 2,000 ரூபாய் சொன்னார்கள். ஷாஃப்ட், ஃபேன், நடு உடல் எதுவும் இதில் வராது. அதாவது கெட்டுப்போனது எதுவோ அது பொட்டலத்தில் இருந்தால்தான் பயன். ஷாஃப்டில் கோடு விழுந்திருந்தால், நடு உடலில் புஷ் உட்காரும் துளை தேய்ந்திருந்தால், புதுப் புஷ் போட்டும் இடைவெளி சரியாக வராது.

வேலை என்னவோ பார்க்க எளிதுதான், அதில்தான் ஆபத்து. பிரிப்பதற்கு முன் ஃபேன், ஷாஃப்ட், நட்டு மூன்றும் எந்த நிலையில் இருந்தன என்று அடையாளம் போட வேண்டும். பல டர்போக்களில் நட்டு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். அது தெரியாமல் பலத்தைக் காட்டினால் ஷாஃப்ட் முனை முறுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். டர்பைன் பக்கத்து முனையில் ஸ்பானர் பிடிக்க இடம் கொடுத்திருப்பார்கள், இறக்கையைப் பிடிக்கக் கூடாது. நட்டை இறுக்கும்போது ஸ்பானர் ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தால் மெல்லிய ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியாமல் வளையும். அதனால் தெரிந்தவர்கள் சாக்கெட்டுக்கு நடுவே யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு நேராகவே திருப்புவார்கள். கழுவும்போது கம்பி பிரஷ் ஷாஃப்டிலோ ஃபேனிலோ படக் கூடாது. டீசலில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், ஆயில் துளைகளைக் காற்றடித்து ஊத வேண்டும். ஷாஃப்டை நகத்தால் வருடிப் பார்த்து நகம் தட்டினால் அதோடு சரி, குப்பைதான். நீலம் பாரித்திருந்தாலும் அப்படியே. தட்டாவிட்டாலும் மைக்ரோமீட்டரில் அளந்து பார்க்காமல் நல்லது என்று சொல்ல முடியாது.

இத்தனையும் பொறுமையுள்ள ஒருவர் செய்துவிடலாம். அதற்கப்புறம்தான் பேலன்சிங் என்னும் சுவர் வருகிறது: சுற்றும் பாகங்களின் எடை எந்தப் பக்கமும் கூடாமல் சமமாக்குவது. கிட் விற்பவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: அதே ஃபேன், அதே ஷாஃப்ட், அடையாளம் வைத்தபடியே மாட்டினால் பேலன்ஸ் எங்கே போகும்? பாதி உண்மை. ஆனால் த்ரஸ்ட் காலரும் நட்டும் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுபவை. அவற்றை மாற்றியதும் பழைய கணக்கு மாறிவிட்டது. தவிர, சின்ன டர்போக்களில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் சரிசெய்தால் மட்டும் போதாது என்பதால், எல்லாம் பூட்டிய பிறகு மொத்தமாக மிஷினில் ஏற்றி, ஆயில் கொடுத்து, அதிவேகத்தில் சுற்றவிட்டு, அதிர்வைப் பார்த்து நட்டு முனையில் துளி உலோகத்தைத் தேய்த்து எடுப்பார்கள். என் பழைய நட்டில் அந்தத் தேய்ப்பு இருந்தது. நகவெட்டு அளவு கூட இல்லை. அதைத் தேய்த்தவருக்கு அது முக்கியமாகப் பட்டிருக்கிறது.

அப்படியானால் கிட் போட்டு வீட்டில் வெற்றி கண்டவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. லாரி டர்போவில் இது நடக்கிற காரியம். ஃபேன் பெரிது, வேகம் பாதியோ அதற்கும் குறைவோ. விசை வேகத்தின் வர்க்கத்தில் குறைவதால், பாதி வேகம் என்றால் கால் பங்கு விசைதான். பழைய லாரி, டிராக்டர் டர்போவைக் கிட் போட்டு வருடக்கணக்கில் ஓட்டியவர்களை நானே பார்த்தேன். அந்த அனுபவத்தை அப்படியே ஸ்விஃப்டுக்குக் கொண்டுவருவதுதான் தவறு. காரிலும் ஒரு நடுவழி உண்டு: நீங்களே பிரித்து, கழுவி, அளந்து, சாமான் வாங்கிக் கொண்டுபோய், பூட்டுவதையும் பேலன்ஸ் செய்வதையும் மட்டும் மிஷின் உள்ள டர்போ பட்டறையில் கொடுப்பது. சிலர் ஒத்துக்கொள்வார்கள். பலர், “நீங்க பிரிச்சதுக்கு நான் பொறுப்பில்லீங்க” என்று கும்பிடு போட்டுவிடுவார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

கோர் வாங்கி வீட்டில் மாட்டுவது

நான் போனது இந்த வழியில். கோர், கார்ட்ரிட்ஜ் என்று இரண்டு பெயர். டர்போவின் நடு உடலும், ஷாஃப்டும், இரண்டு ஃபேனும் பூட்டி, பேலன்ஸ் செய்து ஒரே துண்டாக வரும். உங்கள் பழைய டர்போவின் இரண்டு வெளிக்கூட்டையும் (ஹவுசிங்) கழற்றி இதில் மாட்டினால் வேலை முடிந்தது. என்னிடம் 5,500 முதல் 8,000 வரை கேட்டார்கள். வீட்டில் செய்ய முடியாத ஒரே வேலையை வேறொருவர் செய்து தந்துவிடுகிறார், மீதி ஸ்பானர் வேலை. காசுக்கும் மனநிறைவுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி.

இதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜினை இந்தியாவின் தேசிய டீசல் இன்ஜின் என்று கேலியாகச் சொல்வார்கள். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்டோ, லினியா, எர்டிகா, சியாஸ் என்று அத்தனை வண்டியிலும் அதுதான். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும் ரோட்டில் ஓடும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. அதனால் கோர் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் ‘ஸ்விஃப்ட் கோர்’ என்று கேட்டு வாங்கக் கூடாது. ஹவுசிங்கில் ஒட்டியோ பொறித்தோ இருக்கும் தகட்டு எண்ணைப் படித்து, அதற்கு வாங்க வேண்டும். 75 குதிரைத்திறன் உள்ளதும் 90 உள்ளதும் ஒன்றல்ல. எண் அழிந்திருந்தால் வெர்னியரில் இரண்டு ஃபேனின் விட்டத்தையும் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் உரசும், சின்னதாக இருந்தால் காற்று பின்னால் கசியும்.

மலிவுக் கோர்களில் ஏமாற்று உண்டு. பெட்டிக்குள் பேலன்சிங் தாள் ஒன்று அச்சடித்து வைத்திருப்பார்கள். ஒரு கடையில் மூன்று பெட்டியைத் திறக்கச் சொன்னேன், மூன்று தாளிலும் ஒரே கோடு, ஒரே எண். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். தாளில் உள்ள வரிசை எண் கோரின் உடலில் இருக்கிறதா, ஃபேன் நட்டில் அல்லது முதுகில் உலோகம் எடுத்த அடையாளம் தெரிகிறதா, ஆயில் துளைக்குள் வார்ப்பு மணல் ஒட்டியிருக்கிறதா என்று மூன்றும் பார்த்தால் பாதி ஏமாற்றைத் தவிர்க்கலாம்.

மாட்டுவதில் எனக்கு ஒரு முழு நாள் போனது டர்பைன் ஹவுசிங் போல்ட்டில். சூட்டில் துருவேறி உடலோடு ஒன்றாகிவிட்டிருந்தது. முந்தின இரவே துரு நீக்கும் ஆயில் அடித்து வைத்தும் ஒன்று ஒடிந்தது. லேத்துக்காரர் நட்டை வெல்டிங் வைத்துப் பிடுங்கித் தந்தார், 200 ரூபாய். பிரிப்பதற்கு முன் மூன்று உடலுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மேலிருந்து இறங்கி நேர்கீழே வடிய வேண்டும், கோணம் மாறினால் புது டர்போவும் புகைக்கும். மிஞ்சும் புகையை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் கதவான வேஸ்ட்கேட்டின் ஆக்சுவேட்டர் கம்பி நீளத்தைத் தொடாதீர்கள். இரண்டு சுற்று திருகிவிட்டால் பிக்கப் கூடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கூடும், கொஞ்ச நாளைக்கு.

பட்டறையில் ரீகண்டிஷன்

எனக்குச் சொன்ன விலை 9,000 முதல் 12,000. வண்டியை விட்டுவிட்டு வந்தால் கழற்றி மாட்டித் தருவதற்குத் தனிக் கூலி. நேரமில்லாதவருக்கும் பாதுகாப்பாகத் தூக்கி நிறுத்த இடமில்லாதவருக்கும் இதுதான் சரி, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரீகண்டிஷன் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. கிட் போட்டு, கையால் சுற்றிப் பார்த்து, பெயின்ட் அடித்துத் தருபவரும் அதையேதான் சொல்கிறார். அதிவேக மிஷினில் ஏற்றித் தருபவரும் அதையேதான் சொல்கிறார். பேலன்சிங் மிஷினைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இருப்பவர் பெருமையோடு காட்டுவார், கிராஃப் தாளில் உங்கள் டர்போ எண்ணோடு பிரின்ட் எடுத்தும் தருவார். ‘வெளியில கொடுத்துப் பண்ணுவோங்க’ என்றால் அந்த வெளி எது என்று கேட்டு நேரே அங்கேயே போய்விடுங்கள்.

90 குதிரைத்திறன் மல்டிஜெட் மாதிரி மாறும் இறக்கை உள்ள டர்போவாக இருந்தால் பட்டறையைத் தவிர வேறு யோசனையே வேண்டாம் என்பேன். டர்பைன் ஃபேனைச் சுற்றி வளையமாகச் சின்னச் சின்ன இறக்கைகள் நின்று, இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத் திரும்பிப் புகைப் பாதையைக் குறுக்கும், அகலப்படுத்தும். டவுனுக்குள்ளேயே மெதுவாக ஓடும் வண்டியில் கரி சேர்ந்து இவை ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலைப் போக்குவது வெறும் சுத்தம் செய்யும் வேலைதான், வீட்டிலும் முடியும். ஆனால் இறக்கைகள் எவ்வளவு வரை மூடலாம் என்று ஒரு சின்னத் திருகு தீர்மானிக்கிறது. தொழிற்சாலையில் காற்றோட்டத்தை அளந்து வைத்த அளவு அது. கோர் மாற்றினாலோ இறக்கை வளையத்தைப் பிரித்தாலோ அதை மறுபடி அளந்துதான் வைக்க வேண்டும். கண்மதிப்பில் வைத்தால் ஒன்று கீழே இழுவை இருக்காது, இல்லை மேலே வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். என் சித்தப்பாவின் எர்டிகாவுக்கு இதே தொல்லை வந்தபோது, எனக்குக் கை அரித்தாலும், நேரே பட்டறைக்கே அனுப்பினேன்.

புதுசு, பழசு

புது டர்போ எனக்குச் சொன்ன விலை கூலியில்லாமல் 22,000 சுமார். சென்னையைச் சேர்ந்த டர்போ எனர்ஜி நிறுவனம் 1980களிலிருந்தே டர்போ செய்கிறது என்பதால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கதையெல்லாம் இல்லை. டர்பைன் ஹவுசிங்கில் வேஸ்ட்கேட் உட்காரும் இடம் வெடித்திருந்தால், அல்லது உடைந்த ஃபேன் ஹவுசிங் சுவரைக் குதறியிருந்தால், கோர் வாங்குவதில் பொருளில்லை. அப்போது புதுசுதான். வண்டியை இன்னும் ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கும் புதுசு நஷ்டமில்லை. இரண்டு வருடத்தில் விற்கப் போகிறவர் வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கை ஒரு பாகத்தில் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

சென்னை என்றால் புதுப்பேட்டை, கோவை என்றால் உக்கடம் என்று காயலான் கடைக்குப் போகலாம். எனக்கு மூவாயிரம் நாலாயிரம் சொன்னார்கள். எந்த வண்டியிலிருந்து, ஏன் கழற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. முழு டர்போவை அங்கே வாங்குவது சீட்டாட்டம். ஒடிந்த ஹவுசிங்குக்கு மாற்று ஹவுசிங் தேட மட்டும் அது நல்ல இடம்.

கொன்றது யார்?

எந்த வழியை எடுத்தாலும் இதைச் செய்யாமல் மாட்டினால் ஒரே வாரத்தில் திரும்ப வருவீர்கள். என் டர்போவைக் கொன்றது அதற்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய குழாய். கழற்றி ஊதினேன், காற்றே போகவில்லை. பென்சில் கரி மாதிரி உள்ளே கெட்டியாக இறுகியிருந்தது. முந்தைய உரிமையாளர் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டிய ஆயிலை எத்தனை ஆயிரத்துக்கு மாற்றினாரோ. அந்தக் குழாயைக் கழுவிப் போடாதீர்கள், புதுசு வாங்குங்கள். குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டும் செம்பு வாஷரும் சேர்த்து. வடிகுழாயில் கம்பி விட்டுப் பாருங்கள். ஆயில் வரும் வழி, போகும் வழி எதிலும் சிலிக்கான் பேஸ்ட் தடவ வேண்டாம். அதன் துண்டு ஒன்று பிய்ந்து உள்ளே போனால் அதுவே அடுத்த கொலையாளி. ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் மாற்றுங்கள்.

இன்டர்கூலரைக் கழற்றித் தலைகீழாக ஒரு ராத்திரி வையுங்கள். என்னுடையதில் அரை டம்ளர் ஆயில் வடிந்தது. இதைச் சோம்பலில் விட்டால் வருவது சாதாரண ஆபத்து இல்லை. டீசல் இன்ஜின் தன் சொந்த ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சி ஓட ஆரம்பித்துவிட்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போய் இன்ஜினே சிதறும். கியர் வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்து மேல் கியரைப் போட்டு கிளட்ச்சைச் சட்டென்று விட்டு அணைக்கலாம். வெளியில் நிற்பவர் காற்று போகும் வாயைப் பலகையால் மூடலாம், ஒருபோதும் கையால் அல்ல. முதல் ஸ்டார்ட்டின்போது பலகை பக்கத்தில் இருக்கட்டும்.

அந்த முதல் ஸ்டார்ட்டும் சாவியைத் திருப்பி உறுமவிடும் ஸ்டார்ட் இல்லை. டர்போவின் ஆயில் வாயில் புது ஆயிலை ஊற்றி, ஃபேனைக் கையால் சுற்றிவிட்டு, குழாயை மாட்டி, இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை பத்துப் பத்து நொடியாக வெறும் ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும். இன்ஜின் விளக்கு எரிந்தால் பிறகு ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துக் கசிவு பாருங்கள். சைலன்சரில் மிஞ்சியிருக்கும் பழைய ஆயில் முதல் அரை மணி நேரம் நன்றாகவே புகையும். எங்கள் தெருவில் கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்தினார்.

எனக்கு ஆன செலவு: கோர் 6,500, ஆயில் குழாயும் போல்ட்டும் வாஷரும் 1,300, கேஸ்கட் 600, ஆயிலும் இரண்டு ஃபில்டரும் 2,400, ஒடிந்த போல்ட்டுக்கு 200. மொத்தம் பதினோராயிரம். மூன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் கொடுத்திருந்தால் கூலியோடு நாலைந்தாயிரம் கூட ஆகியிருக்கும், ஆனால் அந்தக் குழாயை ஊதிப் பார்த்திருப்பார்களா என்று தெரியாது. இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இப்போது எட்டாயிரத்துக்கே ஆயில் மாற்றுகிறேன். போன மாதம் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி நட்டை இழுத்துப் பார்த்தேன். ‘டிக்’ சத்தம் இல்லை.